பிராய்லரை விட்டு நாட்டுக்கோழிக்கு மாறினால் போதுமா? வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாவம், புண்ணியம், எந்தச் சாமிக்கு எது பிடிக்கும் என்ற பக்கம் இழுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், அந்தச் சண்டையை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. சென்னையில் படிக்கிற என் பெண் இப்போது நிறுத்திவிட்டாள். யாருக்கும் உபதேசம் செய்வதில்லை, அவள் அம்மா குழம்பு கொதிக்க வைத்தால் முகம் சுளிப்பதும் இல்லை, பேசாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்: "ஒரு போன் வாங்க மாசக்கணக்கா விசாரிக்கிற, வாராவாரம் திங்கிறது எங்க எப்படி வளந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியாப்பா?" என்னிடம் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, ஒடுகத்தூர் பக்கம் எங்கள் தாத்தா ஊர். ஆடு காலையில் மலையடிவாரத்துக்கு மேயப் போகும், பொழுது சாய்ந்தால் தானாகப் பட்டிக்கு வரும், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அதில் ஒன்று போகும். அந்தக் கடைசி நேரத்தைத் தவிர அந்த ஆட்டுக்கு எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, நான் வழக்கமாக நிற்கிற கோழிக்கடை. மே மாத வெயிலில் கோழிகள் கூண்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கடைக்காரர் காலைப் பிடித்துத் தூக்கி, தராசில் போட்டு, கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போடுவார். டிரம் கொஞ்ச நேரம் தடதடவென்று ஆடும். அந்த நேரம் பார்த்து வரிசையில் நிற்கிற எல்லோரும் போனை எடுத்துவிடுவோம், நானும்தான்.

அதனால் கேட்கிறேன். பிராய்லர் உண்மையிலேயே அவ்வளவு மோசமா, அந்த ஊசிக் கதையெல்லாம் நிஜமா? நாட்டுக்கோழி, வெள்ளாடு என்று மாறிவிட்டால் மனசாட்சிக்கு அது போதுமா? அப்புறம் பெண் டீ குடிக்கிறாள், தயிர் சாப்பிடுகிறாள், அந்தப் பால் மட்டும் எப்படி வருகிறது என்று அவளிடம் திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அதையும் விட்டுவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை.

அணைக்கட்டு பண்ணைக்காரன்:

அண்ணா, நான் கம்பெனி ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்க்கிறவன், ஐயாயிரம் குஞ்சு பிடிக்கிற கொட்டகை. ஊசிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சீக்கிரம் வளர ஹார்மோன் ஊசி யாரும் போடுவதில்லை. ஐயாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால் எனக்கு வருகிற காசு அந்தக் கூலிக்கே போய்விடும். நாங்கள் கொடுப்பது நோய்த் தடுப்பு மருந்து, அதுவும் கண்ணில் சொட்டாகவோ குடிக்கிற தண்ணீரில் கலந்தோதான். ஆன்டிபயாடிக் இருக்கிறது, அது தனிக் கவலை. கொலிஸ்டின் என்ற மருந்தைப் பண்ணை உயிர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019ல் தடை செய்ததே அதனால்தான்.

கோழி ஏன் நாற்பது சொச்சம் நாளில் இரண்டு கிலோ தாண்டுகிறது என்றால், அதன் இனம் அப்படி. எது வேகமாகச் சதை வைக்கிறதோ அதையே பொறுக்கிப் பொறுக்கிப் பல தலைமுறையாக இணை சேர்த்து உண்டாக்கினது. குஞ்சு வந்து இறங்கும்போது 40 கிராம் இருக்கும், ஆறு வாரத்தில் ஐம்பது மடங்கு. என்னைக் கேட்டால் ஊசியை விட இதுதான் பெரிய கொடுமை, ஏனென்றால் ஊசி என்றால் நிறுத்திவிடலாம், இது அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நெஞ்சுச் சதை ஏறுகிற வேகத்துக்குக் காலும் ஈடு கொடுக்காது, இதயமும் ஈடு கொடுக்காது. கடைசி வாரம் கொட்டகைக்குள் வந்து பாருங்கள், நடக்கிறதை விட உட்கார்ந்திருக்கிறதுதான் அதிகம். தீவனத் தட்டு நாலடி தள்ளி இருந்தால் எழுந்து, இரண்டு எட்டு வைத்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து போகும். நல்லாத் தின்றுகொண்டே இருக்கிற சேவல் திடீரென்று இறக்கையை அடித்து மல்லாந்து விழுந்து செத்துப்போகிறதும் உண்டு.

ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம், அவ்வளவுதான் கணக்கு. கீழே போடுகிற உமி நனைந்துவிட்டால் அமோனியா கிளம்பி நமக்கே கண் எரியும், அதுகள் அதன் மேலேயே படுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் 42, 43 என்று போகும்போது பாருங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விட முடியும். மத்தியானம் தீவனத்தைத் தூக்கிவிடுவோம், கூரைமேல் தண்ணீர் விடுவோம், கோணிச் சாக்கை நனைத்துப் பக்கவாட்டில் கட்டுவோம். அப்படியும் கரண்டு போய்விட்டால் மூன்று மணி வாக்கில் பத்து, இருபது என்று விழ ஆரம்பிக்கும். அப்புறம் ராத்திரி லாரி வரும். ஏற்றுகிற ஆட்கள் ஒரு கைக்கு நாலைந்து கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூடைக்குள் திணிப்பார்கள். கால் நழுவுவது, இறக்கை ஒடிவது எல்லாம் அங்கேதான்.

இதையெல்லாம் தெரிந்தே ஏன் செய்கிறாய் என்பீர்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்களுடையது. கொட்டகை, கரண்டு, தண்ணீர், ஆள் கூலி, கடன் என்னுடையது. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறு, ஏழு ரூபாய். அதில் இடத்தைத் தாராளமாக விட்டுக் கோழியைக் குறைத்தால் பாங்கி தவணை கட்ட முடியாது. நாட்டுக்கோழிக்கு மாறுகிறேன் என்கிறீர்கள், சரி, ஆனால் போர்டில் நாட்டுக்கோழி என்று எழுதி விற்பதில் நிறைய, இதே மாதிரி கொட்டகையில் இதே மாதிரி தீவனம் தின்று வளர்ந்த கலப்பினம்தான். மெதுவாக வளர்கிற இனம், அதனால் கால் மட்டும் திடமாக இருக்கும்.

ஞாயிறு பிரியாணி:

புலி மானை அடிக்கும்போது மான் எப்படி வளர்ந்தது என்று விசாரிக்கிறதா? வாரத்துக்கு ஒரு நாள் சீரகச் சம்பா, கத்தரிக்காய் தொக்கு என்று இருக்கிற ஒரே சந்தோஷத்தையும் ஏன் சார் கெடுக்கிறீர்கள். இப்படி யோசித்தால் ஆம்பூர் வழியாக பஸ்ஸில் கூடப் போக முடியாது.

வந்தவாசி நயினார்:

தம்பி, புலிக்கு வேறு வழி இல்லை. உங்களுக்குத் தெருமுனையில் இட்லிக்கடை இருக்கிறது. தவிர, புலி மானைக் கூண்டில் போட்டு வளர்ப்பதும் இல்லை.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் (வேர்க்கடலை) பயிர் வைத்து வாழ்கிறவர்கள். எங்கள் வீடுகளில் கறி, முட்டை எதுவும் கிடையாது, பெரியவர்கள் இருட்டின பிறகு சாப்பிடவும் மாட்டார்கள், விளக்கில் விழுகிற பூச்சி சோற்றில் விழக் கூடாது என்று. அதனால் கறி இல்லாமல் வயல் வேலை செய்ய முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் தாத்தா ஏற்றம் இறைத்தவர். வள்ளுவர் புலால் மறுத்தலில் சொன்னது சந்தைக் கணக்குத்தான்: தின்பதற்காகக் கொல்கிறவர்கள் உலகத்தில் இல்லையென்றால் விலைக்கு விற்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். மேலே பண்ணைக்காரத் தம்பி எழுதியதைப் படித்தால் அதேதான் இருக்கிறது. அவர் கையைக் கட்டிப்போட்டது கம்பெனி, கம்பெனியைக் குறைந்த விலை கேட்டுத் துரத்துவது வரிசையில் நிற்கிறவர்கள்.

அதற்காக நாங்கள் சுத்தம் என்று நான் மார் தட்டவில்லை. ஆரணி பட்டு வேண்டுமென்றால் கூட்டுப்புழுவை வெந்நீரில் போட்டாக வேண்டும், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பாலும் அப்படித்தான். வீட்டில் மாடு இருந்த காலத்தில் கன்றுக்கு ஒரு காம்பு விட்டுத்தான் கறப்பார்கள், இப்போது பாக்கெட்டில் வருகிறது, எந்தக் கன்றுக்கு விட்டார்கள் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா?

கே.வி.குப்பம் அக்கா:

நயினார் ஐயா, கேட்டுவிட்டீர்கள், நானே சொல்கிறேன். என்னிடம் நாலு கறவை மாடு இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன்.

மாடு கன்று போட்டால்தான் பால், இது டவுனில் பாதிப் பேருக்கு மறந்துபோச்சு. வருஷத்துக்கு ஒரு கன்று என்று வைத்தால், அதில் பாதி காளைக்கன்று. அந்தக் காலத்தில் காளைக்கன்று பிறந்தால் ஏருக்கு ஆச்சு, வண்டிக்கு ஆச்சு. இப்போது உழவுக்கு டிராக்டர், பிறக்கிறது ஜெர்சி கலப்பு, அதற்குத் திமிலே கிடையாது, நுகத்தடி எங்கே நிற்கும்? அது குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் சொசைட்டியில் காசு. அதனால் சீம்பால் முடிந்து கொஞ்ச நாளில் பாலைக் குறைத்து, தவிட்டுத் தண்ணியைக் காட்டி, எலும்பும் தோலுமாகப் பிடித்துக்கொண்டு போய் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். இப்போது கிடேரிக்கன்றாகவே பிறக்கிற மாதிரி பிரித்தெடுத்த விந்து ஊசி வந்திருக்கிறது, எல்லா மாட்டுக்கும் சினை நிற்பதில்லை, நின்றால் நல்லது.

செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு ஒரு தடவை வாருங்கள் காட்பாடி அண்ணா, உங்களுக்குப் பக்கம்தான். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேரம். கறவை மாடு ஒரு பக்கம் நிற்கும், மடியைத் தட்டிப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள். அடிமாட்டுக்கு யாரும் பல் பார்ப்பதில்லை, முதுகெலும்பைத் தடவிப் பார்த்து எவ்வளவு கறி தேறும் என்று தரகர் சொல்லிவிடுவார். அஞ்சாறு ஈத்து பால் கொடுத்த மாடுதான் அது, போன வருஷம் வரைக்கும் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடித்த மாடு. அங்கிருந்து லாரி. 1978ல் போட்ட விதிப்படி ஒரு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆறோடு நிற்கிற லாரியை நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு மாடு படுத்துவிட்டால் வாலை முறுக்கி எழுப்புவார்கள், எழுந்திருக்கவில்லை என்றால் மற்றது எல்லாம் அதன் மேல் மிதிக்கும்.

கேட்டால் பால் சைவம். பால் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த லாரியில் ஒரு பங்கு உண்டு, அதை விற்கிற எனக்கும் உண்டு. விற்காமல் வைத்துக்கொள் என்றால், கிழட்டு மாட்டுக்குத் தினமும் தீவனம், தண்ணி, இடம், நான் எங்கே போவேன்? பாலுக்கு விலை கூட்டிக் கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினாலே டிவியில் விவாதம் நடத்துகிறீர்கள்.

ஆடு எவ்வளவோ மேல், அது சரிதான் அண்ணா. மேய்ந்து திரிகிறது. ஆனால் எங்கள் ஊர் திங்கட்கிழமை சந்தைக்கு நாலு காலையும் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வருவதையும், வயிறு நிறைந்து தெரியட்டும் என்று வாயைப் பிளந்து தண்ணியை ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு சிவா:

அக்கா எழுதியது நூற்றுக்கு நூறு. இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், காட்பாடி அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் ஊரில் இந்தக் கருணை எப்போதும் ஒரு பக்கமாகத்தான் பாயும். 2022ல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை. எதிர்ப்பு வந்தது, கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். ஆடும் கோழியும் துடிக்காதா? 2003ல் கோயில்களில் ஆடு கோழி பலி கொடுக்கக் கூடாது என்று 1950ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள், அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை நீக்க வேண்டியதாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு ஆடு, அதுவும் காடு மேடு மேய்ந்த ஆடு, அது காட்டுமிராண்டித்தனமாம். அதே வருஷம் கொட்டகைகளில் லட்சக்கணக்கில் கோழி கால் ஒடிந்து கிடந்ததைப் பற்றி ஒரு உத்தரவும் இல்லை.

எங்கள் தாத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். மாட்டுக்கறி சாப்பிட்டதற்காக அவரை வீட்டுத் திண்ணையில் ஏற்றாதவர்கள் காலில் அவர் பதனிட்ட தோலைத்தான் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதனால் உயிர் மேல் அக்கறை என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன். உங்கள் பெண் கேட்ட கேள்வி அந்த மாதிரி இல்லை. எப்படி வளர்ந்தது என்று கேட்கிறாள், யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

மேல்விஷாரம் கறிக்கடை:

மூன்று தலைமுறையாக எங்களுக்கு இதுதான் தொழில், அதனால் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2001 அறுவைக்கூட விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. அறுப்பதற்கு முன் 24 மணி நேரம் ஓய்வு, மருத்துவர் பார்த்துச் சான்று, சினை ஆட்டை அறுக்கக் கூடாது, ஒரு ஆட்டின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது. எங்கள் மார்க்கத்திலும் அதேதான், ஆடு பார்க்கிற மாதிரி கத்தியைத் தீட்டவே கூடாது என்பார் என் வாப்பா. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரக் கடையைப் பாருங்கள், உரித்துத் தொங்குகிற ஆட்டுக்குக் கீழேயே அடுத்த ஆடு தழையை மென்றுகொண்டு நிற்கும். ஏன் என்றால், ஆட்டைக் கண் முன்னால் வைத்து அறுத்தால்தான் புதுக் கறி என்று வாங்குகிறவர் நம்புகிறார். நகராட்சிக் கூடத்தில் முத்திரை குத்தி வந்ததென்றால் பழையது என்கிறார்.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மிருகவதைத் தடைச் சட்டம் 1960ல் வந்தது, முதல் தடவை மாட்டினால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய காசு, இன்றைக்கு ஒரு டீ, ஒரு வடை.

தொழில் தெரிந்தவன் ஆட்டைப் பதற வைக்க மாட்டான். ஓடி, மிரண்டு, பட்டினி கிடந்து வந்த ஆட்டுக் கறி கறுத்து, ரப்பர் மாதிரி ஆகிவிடும், என்ன வேக வைத்தாலும் சரியாக வராது. கத்தி கூராக இருந்தால் ஒரே இழுப்பு. மொண்ணைக் கத்தியோடு நிற்கிற பையன் கடையில் வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த நீல டிரம் விஷயமும் அதுதான் அண்ணா, சரியாக அறுத்த கோழியும் கொஞ்ச நேரம் துடிக்கும், ஆனால் கழுத்து பாதி அறுபட்டுப் போட்டால் உயிர் போக இன்னும் நேரமாகும்.

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வெளிப்படையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பெண்ணுக்கு இணைப்பை அனுப்பினேன், முழுக்கப் படித்துவிட்டு, "முட்டையை விட்டுட்டாங்க" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறாள். சிவா தம்பி, கோபமெல்லாம் இல்லை.

பண்ணைக்காரத் தம்பி, ஒரு கேள்வி. இடம் தாராளமாக விட்டு, மெதுவாக வளர்கிற கோழியாக நீங்கள் எனக்கு வளர்த்துக் கொடுக்க முடியுமா? விலை கூட இருந்தாலும் சரி.

அணைக்கட்டு பண்ணைக்காரன்:

முட்டைக்கோழி நான் வளர்ப்பதில்லை, நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்திருக்கிறேன். கம்பிக் கூண்டு, ஒன்றில் மூன்று நாலு கோழி, ஒரு கோழிக்கு இந்த எழுதுகிற ஏ4 தாள் அளவு இடம் இருந்தால் அதிகம். இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, ஒன்றை ஒன்று கொத்தாமலிருக்க மூக்கை வெட்டிவிடுவார்கள். ஒன்றரை வருஷம் அப்படியே. ஐரோப்பாவில் அந்த மாதிரிக் கூண்டை 2012லேயே ஒழித்துவிட்டார்கள். அந்த இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, சதையும் வைக்காது, பொரித்த அன்றைக்கே தள்ளிவிடுவார்கள். திருவிழாவில் பச்சை, ரோஸ் என்று சாயம் போட்டு ஒரு அட்டைப்பெட்டியில் விற்பார்களே, குழந்தைகள் அடம் பிடித்து வாங்குமே, பெரும்பாலும் அதுதான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தாங்காது.

நீங்கள் கேட்டதற்கு, என்னால் முடியாது அண்ணா. ஒப்பந்தப்படி ஒரு கோழி கூட நான் வெளியே விற்கக் கூடாது, இனத்தையும் நான் தேர்வு செய்ய முடியாது. ஒடுகத்தூர் போகிற வழியில் மாந்தோப்புக்குள் திறந்து விட்டு வளர்க்கிறவர் ஒருவர் எனக்குத் தெரியும், உண்மையான நாட்டுக்கோழி, அஞ்சாறு மாசம் ஆகும், அதனால் உயிரெடை விலை கடை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். வாராவாரம் எல்லாம் கொடுக்க மாட்டார். கீரியும் பருந்தும் தூக்கிக்கொண்டு போனது போகத்தான் கணக்கு. நம்பர் தனியாக அனுப்புகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்கள், பகலில் போனை எடுக்க மாட்டார்.